கலங்கல் வருது சார்

இந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்துவிடுங்க தம்பி, சாரல் அடிக்குது. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். இப்பல்லாம் மழைன்னாலே எனக்கு ஆகறதில்ல.

எதுவரைக்கும் போறீங்க? அப்ப கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போகணும். நான் ஒரு விசாரணைக்குப் போறேன். உடனே தள்ளி உக்காராதீங்க, போலீஸ் கேஸ் இல்ல, ஆபீஸ் விசாரணைதான். பேரு அருணகிரி. ஏரி, குளம், கால்வாய் பாக்கற துறையில செயற்பொறியாளர், சுருக்கமா இ.இ. முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். இ.இ. சார் ஜீப் வருதுன்னா ரோட்டுல போற ஆடு மாடெல்லாம் ஒதுங்கும். எந்த மாவட்டம்னு மட்டும் கேக்காதீங்க. பேப்பர்ல போட்டோவோட போட்டுட்டான், அதுவும் பழைய போட்டோ, மீசை வச்சது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். அன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு முன்னாடி எனக்கு ஒண்ணுமே தெரியாது. இதை மனசுல வச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

வி.சி. தெரியுமா உங்களுக்கு? வீடியோ கான்பரன்ஸ். ஐப்பசி பொறந்துட்டா எங்களுக்கு தினம் சாயந்திரம் அஞ்சு மணிக்கு வி.சி. மெட்ராஸ்லேருந்து செக்ரட்டரி கூப்பிடுவார். பதினாலு மாவட்டமும் அவங்கவங்க ஆபீஸ்ல ஒரே நேரத்துல உக்காரணும். சுவத்துல பெரிய டி.வி. அதுல பதினாலு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு ரூம், ஒரு மேஜை, மேஜைக்கு நடுவுல என்னை மாதிரி ஒரு ஆளு. பேரைக் கூப்பிட்டதும் எந்திரிச்சு வணக்கம் சொல்லிட்டு உக்காந்து, எத்தனை ஏரி ரொம்பிச்சு, எத்தனை அடி தண்ணி நிக்குது, கரையெல்லாம் எப்படி இருக்குன்னு ஒப்பிக்கணும். 'பாத்துச் சொல்றேன் சார்'னு வாயில வந்துச்சோ, போச்சு. மறுநாள் மெமோ.

எங்க மாவட்டத்துல நானூத்தி முப்பது ஏரி தம்பி. ஒரு மனுஷன் மண்டையில அத்தனையும் நிக்குமா? அதுக்குத்தான் பின்னாடி ஆள் வச்சுக்கறது. எல்லா ஆபீஸ்லயும் உள்ளதுதான். எனக்குப் பின்னாடி நாற்காலியில தமயந்தி. உதவிப் பொறியாளர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், அதிர்ந்து பேசாது. நானூத்தி முப்பது ஏரிக்கும் கரை எங்க பலவீனம், மதகு எப்ப மாத்துனது, எல்லாம் விரல் நுனியில. செக்ரட்டரி ஏதாவது கேட்டா நான் ரெண்டு தடவை இருமுவேன். அதான் எங்களுக்குள்ள சிக்னல். தமயந்தி பின்னாடிலேருந்து மெதுவா எடுத்துக் குடுக்கும். நான் சத்தமாச் சொல்வேன்.

ஒரு தடவை செக்ரட்டரியே, "அருணகிரி, உங்களுக்குக் கம்ப்யூட்டர் மூளைய்யா"ன்னுட்டார். பதினாலு மாவட்டமும் கேட்டுச்சு. வி.சி. முடிஞ்சதும் திரும்பி தமயந்தியைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சேன். பாராட்டுல பங்கு குடுக்கணும்ல? நான் அந்த மாதிரி ஆளுதான்.

இப்படியே நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு. எனக்கு நவம்பர் முப்பதாம் தேதி ரிட்டயர்மென்ட். மண்டபம் புக் பண்ணியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. எங்க சர்வீஸ்ல ஒரு பயம் உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ரிட்டயர் ஆகற அன்னைக்கு சாயந்திரம் மாலையைக் கழுத்துல போடறதுக்கு முன்னாடி சஸ்பென்ஷன் ஆர்டரைக் கையில குடுத்துடுவாங்க. எத்தனை பேருக்கு நடந்திருக்கு! அதனால கடைசி ஒரு மாசம் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கணும், எங்கயும் கரை உடையக்கூடாது, எந்த ஃபைலும் திறக்கக்கூடாது. இதான் என் ஒரே வேண்டுதல்.

அந்த நேரம் பாத்து ரூமுக்குப் புது மெஷின் வந்துச்சு.

பழசுல மேஜைமேல ஒரு மைக் இருக்கும். பட்டனை அழுத்துனா பேசலாம், விட்டா அணைஞ்சிடும். பின்னாடி குசுகுசுன்னு சொல்றது யாருக்கும் கேக்காது. கேமராவும் முளைச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்கும். புதுசுல மைக் மேஜையிலயே இல்ல. கூரையில ஒரு வெள்ளைத் தட்டு ஒட்டியிருக்கு, அதான் மைக்காம். மாட்ட வந்தவர் சொன்னார்: "ரூம்ல எந்த மூலையில பேசினாலும் எடுத்துக்கும் சார். யார் பேசறாங்களோ அவங்க பக்கம் கேமரா தானாத் திரும்பி, பெருசாக் காட்டும். மெட்ராஸ்லயும் அவங்க முகம்தான் முழு ஸ்கிரீன்ல வரும்." எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கடைசி மாசம், செக்ரட்டரி முன்னாடி என் முகம் முழு ஸ்கிரீன்ல. மறுநாளே புதுச் சட்டை ரெண்டு எடுத்தேன். பின்னாடி இருக்கற தமயந்தி ஞாபகமே எனக்கு வரல. மனுஷன்தானே?

இப்ப ஒரு வார்த்தையைப் பத்திச் சொல்லணும். விசாரணையே அந்த ஒரு வார்த்தையிலதான் தொங்குது. எங்க பக்கத்துல ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு போறதுக்கு கரையில ஒரு இடம் கட்டியிருக்கும். அதுக்குப் பேரு கலங்கல். தெக்குப் பக்கம் கலிங்கும்பாங்க. 'ஏரி கலங்கல் போகுது'ன்னா ரொம்பி வழியுதுன்னு அர்த்தம். நல்ல சேதி. ஊரே கெடா வெட்டும். இன்னொண்ணும் இருக்கு. கரைக்கு அந்தண்டைப் பக்கம் சில இடத்துல தண்ணி கசியும். தெளிவாக் கசிஞ்சா பரவாயில்ல. கலங்கலா, மண்ணு கலந்து வந்துச்சுன்னா கரைக்கு உள்ளேயே மண்ணை அரிச்சு எடுத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம் நாள் கணக்கில்ல, மணிக்கணக்குதான். கலங்கல் வருது, கலங்கலா வருது. எழுதிப் பாருங்க, ஒரு புள்ளி போய் ஒரு கால் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். யாருக்கு வேணாலும் காது தப்பும். தப்புமா, தப்பாதா? நீங்களே சொல்லுங்க.

ஏரி பேரு சேந்தவாக்கம். கரைக்கு நேர் கீழ மதகடித் தெரு, நூத்திப் பத்து வீடு. அந்தக் கரையை சித்திரையிலதான் பலப்படுத்துனோம். 'பணி திருப்திகரம்'னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். போய்ப் பாத்துட்டுத்தான் போட்டேன். வெயில் தாங்கல, ஜீப்லேருந்து இறங்கல, ஆனா ஜீப்லேருந்தே தெரிஞ்சது, நல்லாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கு இருபத்திரண்டாம் தேதி. மூணு நாளா விடாத மழை. மத்தியானம் தமயந்தி சேந்தவாக்கத்துலேருந்து நேரா என் ரூமுக்கு வந்துச்சு. புடவையெல்லாம் முழங்கால் வரைக்கும் சேறு. ஏதோ ஃபைலுக்குக் கையெழுத்து வாங்க வந்திருக்கும், எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. சாப்பிடற நேரம்.

அஞ்சு மணிக்கு வி.சி. ஆரம்பிச்சுது, புது மெஷின்ல அதான் முதல் தடவை. எங்க மாவட்டம் பதினோராவதுதான். அதுவரைக்கும் எல்லாரும் மியூட்ல இருக்கணும், அது மெட்ராஸ் உத்தரவு. மேஜைமேல சின்னதா ஒரு கண்ணாடிப் பலகை இருக்கு, அதைத் தொட்டா மியூட் போகும், தொட்டா வரும். எனக்குப் பின்னாடி தமயந்தியோட போன் உர்ருனு அதிர்ந்துக்கிட்டே இருக்கு. கரையில காவலுக்கு நிக்கற ஏரி ஆளு, லஸ்கர், கூப்பிடறான். ஒரு மாவட்டம் முடியறதுக்குள்ள மூணு தடவை.

"சார், ஒரு நிமிஷம் சார்"னுச்சு.

"வி.சி. நடக்குதும்மா."

"சார், கரையில..."

"நம்ம முறை வரட்டும். போனை ஆஃப் பண்ணு முதல்ல."

ஆஃப் பண்ணல. ஏழு, எட்டு, ஒம்பதுன்னு மாவட்டம் ஒவ்வொண்ணாப் போகுது. ஒம்பதாவது மாவட்டத்துக்காரன் ஒரு ஏரியை மறந்துட்டான், செக்ரட்டரி அவனை நார் நாராக் கிழிச்சார். அந்தப் போன் வேற உர்ரு உர்ருனு. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி. இன்னும் எட்டு நாள். எட்டே எட்டு நாள் தாண்டிட்டா மாலை, சால்வை, வீடு. அதுதான் மனசுல ஓடுது.

"அருணகிரி!"

எந்திரிச்சேன், வணக்கம் சொன்னேன், மியூட்டை எடுத்தேன். கேமரா 'ஸ்ஸ்'னு ஒரு சத்தம் போட்டு என் முகத்துக்கு வந்துச்சு. டி.வி. முழுக்க நான். சட்டை நல்லா எடுப்பா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. முதல் ரெண்டு நிமிஷம் கடகடன்னு போச்சு. அப்புறம் கேட்டார்.

"சேந்தவாக்கம் என்னய்யா? பெரிய ஏரியாச்சே."

இருமினேன். ரெண்டு தடவை.

பின்னாடிலேருந்து வந்துச்சு: "கலங்கலா வருது சார்."

நான் சத்தமாச் சொன்னேன்: "கலங்கல் போகுது சார். முழுக் கொள்ளளவு. கரை பலமா இருக்கு."

"வெரி குட்"னார் செக்ரட்டரி.

எனக்கு அப்படித்தான் காதுல விழுந்துச்சு. சத்தியமா. என் பேரன் தலையில அடிச்சுச் சொல்வேன். நீங்க ஏன் வெளியே பாக்கறீங்க? இங்க பாருங்க.

அடுத்த ஏரிக்குப் போயிருப்பார். தமயந்தி விடல. "சார், கலங்கல் இல்ல சார், கலங்கலா. மண்ணு வருது சார்"னுச்சு, கொஞ்சம் அழுத்தமா. அவ்வளவுதான், கேமரா திரும்ப ஆரம்பிச்சுது. நான் டி.வி.யைப் பாத்துக்கிட்டிருக்கேன். என் முகம் மெதுவா ஓரத்துக்குப் போகுது. அப்புறம் என் காது. அப்புறம் சுவரு. அப்புறம் முழு ஸ்கிரீன்லயும் தமயந்தி. கலைஞ்ச தலை, ஈரப் புடவை, மடியில போன். பதிமூணு ரூம்லயும் ஆளுங்க நிமிந்து உக்காந்துட்டாங்க.

"பின்னாடி அந்தம்மா என்னமோ சொல்றாங்களே?"ன்னார் செக்ரட்டரி.

"ஒண்ணுமில்ல சார், அதையேதான் சொல்றாங்க, கலங்கல் போகுதுன்னு"ன்னேன். சொல்லிக்கிட்டே கண்ணாடிப் பலகையைத் தொட்டு மியூட் போட்டுட்டேன்.

மியூட் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். அங்கதான் அந்தச் சனியன் பிடிச்ச மெஷின் என் கழுத்தை அறுத்துச்சு. மியூட் போட்டா சத்தம் மெட்ராசுக்குப் போகாது, சரி. ஆனா ரூமுக்குள்ள யாரு பேசறாங்கன்னு அதுக்குத் தெரியும். தமயந்தி எந்திரிச்சு நின்னு பேசுது, கேமரா அதுகிட்டயே நிக்குது. "உக்காரும்மா!"ன்னு நான் கத்துனேன், கேமரா என்கிட்ட வந்துச்சு. "சார், நூத்திப் பத்து வீடு சார், குழந்தைங்க இருக்கு சார்"ங்குது, கேமரா அதுகிட்ட போகுது. நான் கத்த, அது கெஞ்ச, கேமரா இங்கேயும் அங்கேயும் திரும்புது. மெட்ராஸ்ல ஒரு சத்தமும் கேக்கல, படம் மட்டும் தெரியுது. பதிமூணு மாவட்டமும் ஊமைப்படம் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டிருக்கு. என் மானம் கப்பல் ஏறுது.

அப்புறம் தமயந்தி பேசறதை நிறுத்துச்சு. குனிஞ்சு பையிலேருந்து ஒரு தண்ணி பாட்டிலை எடுத்துச்சு. தாகமாக்கும்னு நினைச்சேன். குடிக்கல. ரெண்டு கையாலயும் அதைத் தூக்கி கேமராவுக்கு நேராக் காட்டுச்சு. செங்காவி நிறத்துல தண்ணி. அடியில ரெண்டு விரல் உயரத்துக்கு மண்ணு. ஒரு குலுக்குக் குலுக்கிட்டு மறுபடியும் காட்டுச்சு. முழு ஸ்கிரீன்லயும் அந்தப் பாட்டில்தான்.

ஏரித் துறையில உள்ளவனுக்கு அதைப் பாத்தா விளக்கம் தேவையில்ல. பதிமூணு பேரும் என்ஜினியரு. எல்லார் முகமும் மாறிப்போச்சு.

இப்ப கேளுங்க தம்பி, இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பாட்டிலை ஸ்கிரீனை விட்டு எடுக்க எனக்கு ஒரு வழி இருந்துச்சு. நான் வாயைத் திறந்து ஏதாவது பேசினாப் போதும், கேமரா என் பக்கம் வந்துடும். ஒரு வார்த்தை போதும். என்னத்தைப் பேசறது? வாயைத் திறக்கறேன், ஒண்ணும் வரல. பழக்கதோஷம், இருமல்தான் வந்துச்சு. ரெண்டு தடவை இருமினேன். இருமலுக்குக் கேமரா திரும்பல. பின்னாடிலேருந்து யாரும் எடுத்தும் குடுக்கல. பயந்துட்டேன் தம்பி. முப்பத்து நாலு வருஷத்துல அப்படி ஒரு பயம் பயந்ததில்ல.

செக்ரட்டரி கையை ஆட்டி மியூட்டை எடுங்கன்னு சைகை காட்டறார். என் கை நகரல. தமயந்தியே வந்து, என் தோளுக்கு மேல கையை நீட்டி அந்தப் பலகையைத் தொட்டுச்சு. நின்னுக்கிட்டே பேசுச்சு. வணக்கம்கூட சொல்லல. "சார், சேந்தவாக்கம் கரை மதகுக்குப் பக்கத்துல காலையிலேருந்து கலங்கலா வருது. இப்ப லஸ்கர் சொல்றார், ஓட்டை கை நுழையற அளவுக்கு ஆயிடுச்சாம். மதகடித் தெருவை உடனே காலி பண்ணணும் சார்."

அதுக்கப்புறம் என்னை யாரு கேட்டா? கலெக்டருக்குப் போன், போலீசுக்குப் போன், எல்லாம் அந்த வி.சி.லேருந்தே. கேள்வியெல்லாம் தமயந்திகிட்டதான். நான் பக்கத்துல, ஸ்கிரீன்ல பாதி தோள் தெரிய உக்காந்திருக்கேன். ஆறரைக்கு ஊர்ல இருந்த டிராக்டர், பள்ளிக்கூட வேன், எல்லாத்துலயும் ஏத்தி ஹைஸ்கூலுக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஏழே காலுக்குக் கரை உடைஞ்சுது. அறுபது வீட்டுக்கு மேல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. ஆனா ஒரு உசிருக்குச் சேதமில்ல. அதுவும் யாரு வி.சி.ல தெரிஞ்சது? என் வி.சி.லதானே? அதை ஒரு பேப்பர்காரனாவது எழுதினானா?

இருபத்தொம்பதாம் தேதி ஆர்டர் கையில வந்துடுச்சு. ரிட்டயர்மென்ட்டுக்கு முதல் நாள். மண்டபத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னது என் சம்சாரம். நான் அந்த ரூம்லயே இல்ல, மொட்டை மாடிக்குப் போயிட்டேன். தமயந்தி வீட்டுக்கு வந்துச்சு தம்பி. அதான் எனக்குப் பொறுக்கல. "சார், நான் உங்களுக்கு எதிரா எதுவும் செய்யல சார்"னு கண்ணைத் தொடைக்குது. எதிரா இல்லாம? பதினாலு மாவட்டம் பாக்க!

இன்னைக்கு விசாரணையும் வி.சி.லதான். மெட்ராஸ்ல விசாரணை அதிகாரி, நாம போற ஊரு ஆபீஸ்ல நான், எங்க பழைய ரூம்ல தமயந்தி. மூணு கட்டம். நான் போற ஆபீஸ்லயும் அதே மாதிரி மெஷின்தானாம், பேசறவங்க பக்கம் திரும்புமாம். திரும்பட்டுமே. ரூம்ல நான் ஒருத்தன்தானே இருப்பேன். எடுத்துக் குடுக்கத்தான் யாரும் இல்ல, அதான் கொஞ்சம் உதறல். அதனாலதான் வழி முழுக்கச் சொல்லிப் பாத்துக்கிட்டே வரேன். காது தப்பிடுச்சு. கலங்கலாங்கறதைக் கலங்கல்னு கேட்டுட்டேன். அவ்வளவுதான் என் தப்பு. அறுபது வயசுல காது தப்பறது ஒரு குத்தமா?

எனக்கு மனசுல அடங்காதது அந்தப் பாட்டில்தான். அது மட்டும் இல்லேன்னா வெறும் வாய் வார்த்தை, மறுநாள் பேசித் தீத்திருக்கலாம். மத்தியானம் என் ரூமுக்கு வந்துச்சுன்னு சொன்னேன்ல? என் மேஜைமேல கொண்டாந்து வச்சு, "கலங்கலா வருது சார், பாருங்க"ன்னுச்சு. நான் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வச்சிருக்கேன். "எடுத்துக்கிட்டுப் போய் அந்தப் பூந்தொட்டியில ஊத்தும்மா, இன்னும் எட்டு நாளைக்கு எனக்கு எதையும் காட்டாதே"ன்னு நல்ல விதமாத்தான் சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போச்சு. ஊத்தாம பையில வச்சிருந்திருக்கு பாருங்க! மேலதிகாரி ஊத்துன்னு சொன்னா...

என்ன தம்பி, ஏன் அப்படிப் பாக்கறீங்க?

இப்ப நான் என்ன சொன்னேன்?

இல்ல, அது வேற பாட்டில். அது வேற. வேற ஏதோ ஏரித் தண்ணி.

கண்டக்டர், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணியா? சரி. நல்லவேளை தம்பி, உங்ககிட்ட முதல்ல சொல்லிப் பாத்தேன். அங்க போய் இப்படி வாய் தவறியிருந்தா என் கதி என்ன ஆறது? முழு ஸ்கிரீன்ல என் முகம் தெரியும். நீங்க தூங்கிடாதீங்க. இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்றேன், எங்கயாவது இடிச்சா நீங்க எடுத்துக் குடுங்க. நான் இருமினதும் சொல்லுங்க.

அன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு முன்னாடி எனக்கு ஒண்ணுமே தெரியாது.